கையைத் தூக்கும் முன் ஒரு குரல்

தம்பி,

நிச்சயதார்த்தப் படங்கள் எல்லாம் வந்துவிட்டன. போட்டோகிராபர் நானூறு படத்துக்கு மேல் போனுக்கு அனுப்பியிருக்கிறார். அதில் நூறு மட்டும் பொறுக்கி ஆல்பத்துக்குக் கொடுக்க வேண்டுமாம். போன ஞாயிற்றுக்கிழமை பவானியும் அவள் அம்மாவும் செங்கோட்டையிலிருந்து முகூர்த்தப் புடவையைப் பார்க்க வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் எல்லோருமாக உட்கார்ந்து படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். உன் அம்மா தன் படத்தை மட்டும் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "எங்கன பாத்தாலும் நான் வாயத் தொறந்துக்கிட்டுத்தான் நிக்கேன்" என்று குறைப்பட்டுக்கொண்டாள். உனக்கு வரப்போகிற மாமியார், "நீங்களாவது வாயத் தொறந்தீங்க, நான் ஒரு படத்துலயும் சிரிக்கவே இல்லயே" என்றார். வீடு கலகலப்பாக இருந்தது. நீ இல்லாததுதான் குறை.

அந்தப் படங்களில் நான் உனக்குத் திருநீறு பூசுவது மூன்று இருக்கின்றன, ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தவை. முதல் படத்தில் என் கை உன் முகத்தை நோக்கி எழுகிறது. மூன்றாவது படத்தில் உன் நெற்றியில் திருநீறு இருக்கிறது, நீ சிரிக்கிறாய். நடுவில் உள்ள படத்தில் கண்ணை இறுக மூடியிருக்கிறாய். திருநீறு பூசும்போது யாரும் கண்ணை மூடத்தான் செய்வார்கள், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் உன் தோள்கள் இரண்டும் காது வரைக்கும் ஏறி இருக்கின்றன. கழுத்து உள்ளே போயிருக்கிறது. முகம் என் கையை விட்டு ஒதுங்கி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இருபத்தொன்பது வயது ஆள், பட்டு வேட்டி சட்டையில், அடி வாங்கப்போகிற எட்டு வயதுப் பிள்ளையாக நிற்கிறாய். பவானி அந்தப் படத்தைப் பார்த்தாள், என்னையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "இது ஒண்ணு ஆல்பத்துக்கு வேண்டாம் மாமா, கண்ணு மூடியிருக்கு" என்று சொல்லி அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டாள். அவளுக்கு என்ன புரிந்ததோ எனக்குத் தெரியாது.

வருகிற புதன்கிழமை உனக்குக் கல்யாணம். நீ தாலி கட்டும்போது பக்கத்தில் நின்று உன் தலைமேல் நான் அட்சதை போட வேண்டும். அதற்குக் கையைத் தூக்க வேண்டும். மண்டபத்தில் ஐந்நூறு பேர் பார்ப்பார்கள் என்பது என் பயம் இல்லை. கழுத்தில் மாலையோடு நீ இருக்கிற நேரத்திலும் உன் உடம்பு என் கையைக் கண்டு ஒடுங்கிவிடுமோ என்பதுதான் பயம். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதே நினைப்பாக இருக்கிறது. போனில் சொல்லிப் பார்க்கலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். 'சாப்பிட்டியா, டிக்கெட் போட்டாச்சா' என்று கேட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்பு இன்னொன்றும் நடந்தது. வெற்றிலை வைக்கிறதற்காக மேல் தட்டிலிருந்த தாம்பாளத்தை எடுக்கப் போனேன். கீழே பவானி நின்றாள். வழக்கம்போல, "தாயி, மேல இருக்க தாம்பாளத்த எடுக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கையைத் தூக்கினேன். அவள் சிரித்துவிட்டாள்.

"மாமா, நானும் வந்ததுல இருந்து பாக்கேன். நீங்க ஏன் எதையும் சொல்லிட்டுச் சொல்லிட்டே எடுக்குதீய?"

உன் அம்மாவுக்கு வாய் சும்மா இருக்குமா? "இன்னைக்கு நேத்தாம்மா இப்பிடி? அடுத்தாப்ல மூச்சு விடுதேன்னு சொல்லிட்டுத்தான் மூச்சு விடுவாரு, பாரு" என்றாள்.

நானும் விடவில்லை. "முப்பது வருசம் மாட்டுக்குப் பின்னால நின்னவன் தாயி. கொரல் குடுக்காம கையக் கொண்டு போனா உதை விழும்லா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குப் பொருத்தமான பதில்தான். ஆனால் அது பாதிதான் உண்மை. மீதியை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

மாட்டு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்டின் பின்னால் சத்தம் இல்லாமல் போய்க் கையை வைத்தால் அது உதைக்கும். கோபத்தால் இல்லை, நம்மேல் பகையும் இல்லை. பின்னால் திடீரென்று எது பட்டாலும் கால் போகும், அவ்வளவுதான். பிறந்தபோதே அதன் உடம்பில் இருக்கிற ஏற்பாடு அது. அது யோசிப்பதற்குள் கால் முந்திக்கொள்ளும். அதனால் தொலைவில் வரும்போதே ஹோவ் ஹோவ் என்று குரல் கொடுக்க வேண்டும். அதன் காது நம் பக்கம் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இடுப்பெலும்பில் மெதுவாகக் கையை வைத்து, எடுக்காமல் அப்படியே தடவிக்கொண்டு பின்னால் வர வேண்டும். சுந்தரபாண்டியபுரத்தில் ஓர் அண்ணாச்சி தன் மாட்டைப் பற்றி, "சார், இது பச்சப்புள்ள மாதிரி, உதைக்கவே உதைக்காது" என்றார். "அதை மாட்டுக்கிட்டயும் சொல்லிட்டியளா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுக் குரல் கொடுத்துத்தான் போனேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சூரியகாந்தித் தோட்டத்தில் படம் எடுத்துவிட்டு அந்தப் பக்கம் வந்த அவருடைய மருமகன் மாட்டைச் சும்மா தட்டிக்கொடுக்கப் போய்ச் சாணிக்குழியில் கிடந்தார். புது மாப்பிள்ளை, புதுச் சட்டை.

இதெல்லாம் நன்றாகத் தெரிந்தவன்தான் நான். மாட்டிடம் நடக்கத் தெரிந்தவனுக்குப் பெற்ற பிள்ளையிடம் நடக்கத் தெரியவில்லை.

உனக்கு அந்த நைட்ரஜன் கேன் நினைவிருக்கிறதா? மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதற்கான உறைவிந்துக் குச்சிகளை அதற்குள்தான் வைத்திருப்பேன். முன்அறை மூலையில் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கும். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழிந்து தரையில் ஓடும். உனக்கு அது மேகம். தெருவில் எல்லாப் பிள்ளைகளிடமும், "எங்க வீட்ல மேகம் இருக்கு" என்று சொல்லி வைத்திருந்தாய். அது ஆனி மாதம், குற்றாலத்தில் நல்ல சீசன், தென்காசி முழுக்கச் சாரல். மறுநாள் ராயகிரியில் முகாம் வைத்திருந்தோம். சாயங்காலம் வந்து கேனுக்குள் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு நைட்ரஜன் இல்லை. அத்தனை குச்சியும் பாழ். முகாமுக்கு எத்தனை பேர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து காத்திருப்பார்கள் என்பதும், அதிகாரி என்ன கேட்பார் என்பதும் சேர்ந்து எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "யாருலே இதத் தொறந்தது?" என்று கத்தினேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டால் தூக்குவது போல நீ கையைத் தூக்கினாய். "நான்தாம்ப்பா. ஒரு நிமிசந்தான். உடனே மூடிட்டேன்" என்றாய்.

அன்று நான் உன்னை அடித்தேன். கன்னத்தில் ஒன்று, முதுகில் இரண்டு. கோபத்தில் கை தானாக எழுந்துவிட்டது என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். அது பொய். தானாக எழுவது மாட்டின் கால். நான் அடிப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். அதன் கண்ணாடி உடைந்துவிடக் கூடாதே என்று யோசித்திருக்கிறேன். அதற்கு நேரம் இருந்தவனுக்கு, எதிரில் இடுப்பு உயரத்தில் நிற்பது யார் என்று யோசிக்கவும் நேரம் இருந்திருக்கும். நீ ஓடவில்லை. தூக்கின கையைக்கூட உடனே இறக்கவில்லை.

அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுதான் நான் மறைத்தது. மூன்றாம் நாள் நைட்ரஜன் கொண்டுவரும் வண்டி வந்தது. டிரைவர் கேனை நிரப்பிவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் கேனின் கழுத்துக்கு வெளியே வெள்ளையாகப் பனி பூத்துவிட்டது. அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், இது பழுதால்லா இருக்கு. வெளிய வேர்த்தா உள்ள ஒண்ணும் நிக்காது. ஒரு வாரமாவே வேர்த்திருக்குமே, பாக்கலயா?" என்றார். பார்த்திருந்தேன், தம்பி. நாலைந்து நாளாக அந்தக் கேன் மேல் நீர் கோத்திருந்தது. சாரல் காலத்தில் நம் வீட்டில் சுவரே வேர்க்கும், தீப்பெட்டி நமத்துப்போகும், அதே ஈரம்தான் இது என்று நினைத்து நானே துண்டால் துடைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறேன். வேறு ஊர்க்காரனாக இருந்தால் என்னடா இது என்று சந்தேகப்பட்டிருப்பான். நைட்ரஜன் வற்றியது நீ ஒரு நிமிடம் மூடியைத் திறந்ததால் இல்லை. உன் மேகத்தால் எதுவும் கெடவில்லை. இருபத்தொரு வருடமாக இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அப்பா தப்புச் செய்தார் என்று தெரிந்தால் பிள்ளைக்கு மரியாதை போய்விடும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, பழையதைக் கிளறுவானேன் என்று நினைத்தேன். என்னை மன்னித்துவிடு.

அடுத்த மாதம் உன்னை ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீ தண்ணீருக்கு அடியில் போய் நின்றுகொண்டு வெளியே வர மாட்டேன் என்றாய். அருவி எப்படி விழும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். தலையிலும் தோளிலும் சடசடவென்று அடிக்கிறது, பெரிய ஆட்களே கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார்கள். நீ வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு நிற்கிறாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன் கண்ணை மறைத்துக்கொண்டு விழுந்த முடியை ஒதுக்கிவிடலாம் என்று கையைத் தூக்கினேன். அவ்வளவு தண்ணீர் அடித்தும் அசையாத தோள் சட்டென்று காது வரை ஏறியது. கழுத்து உள்ளே போனது. ஒரு விநாடிதான். மறுபடியும் சிரித்தாய். நீ அப்படி ஒடுங்கியது உனக்கே தெரியாது என்று நினைக்கிறேன். அருவியை விட்டு வெளியே வந்து, எண்ணெய் தேய்ப்பவர்கள் உட்காரும் கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ பிறந்து ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் ஒரு தட்டு கீழே விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த நீ இரண்டு கையையும் விரித்துத் தூக்கி, எதையோ கட்டிப்பிடிப்பது போல மடக்கிக்கொண்டாய். நான் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டேன். "எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் செய்யும் சார், செய்யாட்டாதான் பயப்படணும்" என்று அவர் சிரித்தார். அது பிறவியிலேயே வருவது. கண் அருகே எது வந்தாலும் இமை மூடுவது அதே போலத்தான். கோழிக்குஞ்சைப் பார். தாய் இல்லாமல் மெஷினில் பொரித்த குஞ்சுகூடத் தலைக்கு மேல் நிழல் ஓடினால் பதுங்கும், பருந்து என்றால் என்ன என்று அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இதெல்லாம் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள உடம்புக்குக் கொடுத்து அனுப்பியது. உன் தோள் ஏறுவது அப்படி வந்ததில்லை. அதை உனக்குக் கொடுத்தது நான்.

அந்தச் சீசன் முழுக்க நான் ஒரு காரியம் செய்தேன். கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். குற்றாலம் போகிற சாலையில் எங்கள் மருந்தகத்துக்குப் பின்னால் தொட்டாற்சிணுங்கி புதராகக் கிடக்கும். மாடு வராத நேரங்களில் அதன் அருகே உட்கார்ந்திருப்பேன். தொட்டால் மூடும், கால்மணி நேரம் விட்டால் விரியும். இது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாத ஒன்றை அந்தச் செடி காட்டியது. சாரல் தொடங்கியதும் முதல் துளிகளுக்கு எல்லா இலையும் மூடிக்கொண்டது. அடுத்த அரைமணி நேரத்தில், சாரல் விழுந்துகொண்டே இருக்கும்போதே, ஒவ்வொன்றாக விரிய ஆரம்பித்தது. துளி பட்டும் மூடவில்லை. இது நம்மை ஒன்றும் செய்யாது என்று அதற்குப் பழகிவிட்டது. சரி, மூடுவதையே மறந்துவிட்டதோ என்று செருப்பால் லேசாக இடித்தேன். உடனே மூடிக்கொண்டது. சாரல் வேறு, செருப்பு வேறு என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. மூளை இல்லாத செடி.

அப்போதுதான், நாமும் அந்தச் சாரல் போல நடந்து பார்ப்போமே என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த வேலை குரல் கொடுப்பது ஒன்றுதான். அன்றிலிருந்து உன் பக்கத்தில் கையைத் தூக்குவதற்கு முன்னால் குரல் கொடுக்க ஆரம்பித்தேன். "தம்பி, சட்டைய எடுக்கேன்." "தம்பி, லைட்டப் போடுதேன்." முதலில் குரல் கொடுத்தும் நீ ஒடுங்கினாய். நான் விடவில்லை. உன்னிடம் மட்டும் சொன்னால் உனக்குத் தெரிந்துவிடும் என்று உன் அம்மாவிடமும் சொன்னேன், வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னேன். அடுத்த சித்திரையில் ஒருநாள் நீ வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். "தம்பி, காலண்டரக் கிழிக்கேன்" என்று சொல்லி உன் தலைக்கு மேலே கையைக் கொண்டு போனேன். நீ நிமிரவே இல்லை. எழுதிக்கொண்டே இருந்தாய். நான் கிழித்த தாளைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் அழுதேன். பதினைந்து வயதில் நீ, "எப்பா, காலண்டர் கிழிக்கதுக்கும் எங்கிட்ட பெர்மிஷன் கேப்பியளா? கிழிச்சிட்டுப் போங்க" என்று எரிந்து விழுந்தாய். உன் அம்மா, அப்பாவை எதிர்த்துப் பேசுகிறாயா என்று உன்னைத் திட்டினாள். எனக்கு அன்று இருந்த நிம்மதியை யாரிடம் சொல்வது? என்மேல் பயம் இருந்தால் அப்படிப் பேசுவாயா?

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். நிச்சயதார்த்தத்தன்று ஒரே கூட்டம், மைக் சத்தம், போட்டோகிராபர் வேறு, "சார், சீக்கிரம் பூசுங்க, லைட் போகுது" என்று அவசரப்படுத்தினார். குரல் கொடுக்க மறந்துவிட்டேன். உன் உடம்பு மறக்கவில்லை. இதில் உன் தப்பு எதுவும் இல்லை. கூச்சமும் படாதே. மனது மன்னித்த பிறகும் தோளுக்குச் செய்தி போய்ச் சேரக் கொஞ்சம் நாளாகும் போலிருக்கிறது. நான் காத்திருக்கிறேன். எனக்கு வேறு என்ன வேலை?

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நீ என்னைப் போல முன்கோபி இல்லை, அம்மாவின் குணம். இருந்தாலும் பவானி கையைப் பிடித்த பிறகு ஒருநாள் உனக்கும் தலைக்கு ஏறும். பிள்ளை பிறந்தால் இன்னும் ஏறும். பிள்ளை பிறக்கும்போதே நிழலுக்கும் சத்தத்துக்கும் பயப்படத் தெரிந்துதான் வருகிறது, அது போதும் அதற்கு. புதிதாக ஒன்றை நீ சேர்த்துவிடாதே. அப்படிக் கை எழுந்தால் அது தானாக எழுந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதே. நான் கடிகாரம் கழற்றியதை நினைத்துக்கொள். அந்தக் கடிகாரம் இன்னும் பீரோவில் இருக்கிறது, அன்றைக்குப் பிறகு நான் அதைக் கட்டவில்லை. 'கடிகாரம் எங்கே' என்று கேட்ட உன் அம்மாவிடம் ஓடவில்லை என்று சொல்லிவிட்டேன். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பவானி அன்று கிளம்பும்போது வாசலில் என்னிடம் தனியாக ஒன்று சொன்னாள். "மாமா, நான் சும்மா கேலிக்குத்தான் கேட்டேன். நீங்க எப்பவும் போலச் சொல்லிட்டே எடுங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு" என்றாள். நல்ல பெண்ணைத்தான் பிடித்திருக்கிறாய், தம்பி. இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். அம்மாவிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

கல்யாணத்தன்று மட்டும் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நீ தாலியைக் கையில் எடுத்ததும் கெட்டிமேளம் கொட்டுவார்கள். மேளக்காரர்கள் சங்கரன்கோவில் ஆட்கள், அடித்தால் மண்டபமே அதிரும். நான் என்ன குரல் கொடுத்தாலும் அந்தச் சத்தத்தில் உனக்குக் கேட்காது. அதற்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேன், நேரத்தோடு உன் கைக்குக் கிடைக்கட்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். அந்த நேரத்தில் உன் தோள் ஏறினால் ஏறட்டும், கண் மூடினால் மூடட்டும், யார் பார்த்தாலும் பரவாயில்லை. நான் உன் இடப்பக்கம்தான் நிற்பேன். என் கையில் மஞ்சள் தடவிய அரிசியைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அன்றைக்கு மேளச் சத்தத்தில் உனக்குக் கேட்கப்போகாததை இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

தம்பி, கையத் தூக்குதேன்.